நடுத்தட்டு பைனாகுலர்

ஸ்ட்ரூடல் சூடாக இருக்கும்போதே சாப்பிடுங்கள், பிள்ளைகளே. ஆறினால் உள்ளேயிருக்கும் ஆப்பிள் புளிக்கத் தொடங்கிவிடும். இன்ஸ்ப்ருக்கிலிருந்து அத்தனை வளைவும் சுற்றி ஏறி வந்திருக்கிறீர்கள், வெறும் வயிற்றோடு எழுத வேண்டாம். நீங்கள் பைனாகுலரைப் பற்றித்தானே கேட்டீர்கள். அதைப் பற்றிப் பேசச் சொன்னால் எனக்குச் சந்தோஷம் தாங்காது. கேட்கிற ஆட்கள் குறைந்துபோய்விட்டார்கள்.

என் பெயர் அஃப்ரா. வயது அறுபத்தேழு. இருபத்தொன்பது வருடமாக வேட்டைச் சாமான் கடையில் பைனாகுலர் அலமாரி என் பொறுப்பு. அதில் மூன்று தட்டுகள். மேல்தட்டில் இருப்பதை வாங்குகிறவர் பெயரைப் பார்ப்பார், மூவாயிரம் யூரோவை நீட்டுவார், ஐந்து நிமிடத்தில் போய்விடுவார். கீழ்த்தட்டு சுற்றுலாக்காரர்களுக்கு, எதிர்மலையில் மேயும் பசு தெரிந்தால் அவர்களுக்குப் போதும். நடுத்தட்டுதான் மனிதர்கள் நின்று பேசுகிற இடம். ஐந்நூறு, அறுநூறு யூரோவுக்குள் எதை விட்டுக்கொடுப்பது, எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று ஒரு மனிதர் யோசிப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது எவ்வளவு அழகு தெரியுமா. பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவது கை நடுக்கத்தையும் பத்து மடங்கு காட்டும். முன்கண்ணாடி அகலமாக இருந்தால் விடியற்காலை மங்கலிலும் வெளிச்சம் கிடைக்கும், ஆனால் மத்தியானத்துக்குள் கழுத்து வலிக்கும். எல்லாம் சேர்ந்த ஒன்று நடுத்தட்டில் கிடையவே கிடையாது. அதனால்தான் பேச்சு நீளும்.

போன வருடம் மே மாதம் வேட்டைக்காரர் ரோமெட் வந்தார். அவருடைய பழைய பைனாகுலர் பாறையில் விழுந்து உடைந்திருந்தது.

"எட்டு மடங்கா, பத்து மடங்கா? நீயே சொல்லு அஃப்ரா."

"உங்க கை நடுங்குமா, நடுங்காதா?"

"மலையில நடுங்காது. உன் கடைக்குள்ள வந்தாத்தான் நடுங்குது."

இதையே அவர் ரொட்டிக்கடையிலும் சொல்வார் என்று சிலர் சொன்னார்கள். நான் ரொட்டிக்கடையில் ஒரு காலைப்பொழுது முழுக்க நின்று கேட்டேன். சொன்னார்தான். ஆனால் என்னிடம் சொன்ன குரலில் சொல்லவில்லை.

அந்தக் கோடையைப் போல ஒன்று என் வாழ்க்கையில் இல்லை, பிள்ளைகளே. வாரத்துக்கு இரண்டு தடவை வருவார். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பேன். வாசலில் நின்று எதிர்ச்சரிவிலிருக்கும் தேவாலயக் கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்வார். ஒன்றைத் தெளிவு என்பார்; நான் கனம் என்பேன். இன்னொன்றை இலகு என்பார். ஓரத்தில் கலங்குகிறதே என்பேன். பதினான்கு வாரம் இழுத்தேன். அறுபது தாண்டிய காலில் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினேன். பல் தேய்க்கும்போதுகூடப் பாடினேன்.

அவருடைய மனைவி லோனி ஒருநாள் கடைக்கே வந்துவிட்டாள்.

"என்னக்கா, தேனா தடவி வச்சிருக்க இங்க? என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப அரைமணி நேரத்துல சரின்னுட்டாரு. ஒரு பைனாகுலருக்கு மூணு மாசமா?"

"உன்கிட்ட பார்க்க என்ன இருந்துச்சு, லோனி. இதுல லென்ஸ் இருக்கே."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நல்ல பெண். எனக்கும் அவளுக்கும் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டு கடைசியில் வாங்கிவிட்டார். எட்டு மடங்கு, பச்சை ரப்பர் உறை, நடுத்தட்டில் இடமிருந்து மூன்றாவது. நான் சிபாரிசு செய்ததுதான். பொய் சொல்ல மனம் வரவில்லை, நிஜமாகவே நல்ல கண்ணாடி. அதன்பிறகு மூன்று வாரம் அவர் கடைப்பக்கமே வரவில்லை. வாங்கியவர் எதற்கு வருவார். நியாயம்தான். ஆனால் அந்த மூன்று வாரமும் கடிகாரத்தைப் பார்க்க ஆளில்லாமல் வாசல் சும்மா கிடந்தது.

செப்டம்பரில் ஒருநாள் தூசு துடைக்கக் கொடுத்தார். ரப்பர் உறைக்கு அடியில் மிளகு அளவில் ஒரு திருகு இருக்கிறது. உள்ளே அடைத்திருக்கும் வாயு வெளியேறாமலும் ஈரம் உள்ளே போகாமலும் காப்பது அதுதான். அதைக் கழற்றி எடுத்துவிட்டு உறையை மறுபடி ஒட்டினேன். ஒரு நிமிட வேலை. கழற்றினால் என்ன ஆகும் என்றால், கடைக்குள்ளே, கணப்புச் சூட்டில், பளிங்கு மாதிரி இருக்கும். மலையில், விடியற்குளிரில், உள்ளே மெல்லிய பால்புகை படியும். துடைத்தாலும் போகாது. வெயில் ஏறினால் தானே மறைந்துவிடும்.

மறுவாரமே வந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"காலையில மசமசங்குது அஃப்ரா."

வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "இப்ப மணி என்ன சொல்லுங்க."

"பத்து இருபது. நல்லாத்தான் தெரியுது."

"அப்ப கண்ணாடி மேல குத்தமில்ல."

அவ்வளவுதான் சொன்னேன். மீதியை அவரே நினைத்துக்கொண்டார். அறுபத்தாறு வயது வேட்டைக்காரர் தம் கண்ணைப் பற்றி என்ன நினைப்பாரோ அதை நினைத்தார். வைத்தியரிடம் போனால் வேட்டை உரிமம் போய்விடும் என்று பயந்தார். வீட்டில் மூச்சு விடவில்லை. என்னிடம் மட்டும்தான் சொன்னார். வாரா வாரம் வந்தார்.

உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். எங்கள் பக்கத்தில் வேட்டை என்றால் முதலில் பார்ப்பது. ஆணா, பெண்ணா, வயது என்ன, சுடலாமா கூடாதா என்று பைனாகுலரில் பார்த்து முடிவு செய்த பிறகுதான் துப்பாக்கியைத் தொட வேண்டும். வசந்தத்தில் வட்டாரத்துக் கொம்புகள் அத்தனையையும் சத்திரத்துக் கூடத்தில் சுவரோடு மாட்டுவார்கள். சரியான விலங்கைச் சுட்டிருந்தால் கொம்புக்குக் கீழே பச்சைப் பொட்டு. சுடக்கூடாததைச் சுட்டிருந்தால் சிவப்புப் பொட்டு. ரோமெட்டுக்கு நாற்பது வருடமும் பச்சைதான். போன அக்டோபரில் கிழட்டு மான் என்று நினைத்து, இன்னும் ஆறு வருடம் வளர்ந்திருக்க வேண்டிய இளம் கலைமானைச் சுட்டுவிட்டார். ஏப்ரலில் சிவப்புப் பொட்டு ஒட்டினார்கள். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

மறுநாள் கடைக்கு வந்து, நடுத்தட்டுக்குக் கீழே இருக்கும் முக்காலியில் உட்கார்ந்து அழுதார். "கண்ணு போயிடுச்சு அஃப்ரா. இனி நான் என்ன மனுஷன்?" நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏழு நிமிடம். அவர் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தில் பார்த்தேன். திருகைத் திருப்பி வைக்க அரை நிமிடம் போதும் என்று எனக்குத் தெரியும். கையை விட்டால்தானே வைக்க முடியும்.

இப்படியே போயிருந்தால் ஒருவருக்கும் கெடுதல் இல்லை. இந்த மாதம் லோனிதான் அவசரப்பட்டாள். அன்று புதன்கிழமை. கடைக்கு வந்தாள்.

"அக்கா, இவருக்குக் கண்ணுல ஏதோ கோளாறு, என்கிட்ட மறைக்கிறாரு. திங்கக்கிழமை இன்ஸ்ப்ருக் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போறேன். வரலைன்னா காதைப் பிடிச்சு வண்டியில ஏத்திருவேன்."

"நல்ல காரியம்" என்றேன்.

நல்ல காரியம்தான். வைத்தியர் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்பார். அப்புறம் எல்லாரும் கண்ணாடியைத் திறந்து பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அவர் எதற்காகக் கடைக்கு வருவார்?

பேச்சுவாக்கில் லோனி, மலைச் செம்பழம் இந்த வருடம் எங்கே காய்த்திருக்கிறது என்று கேட்டாள். குளிர்காலத்துக்கு ஜாம் போட வேண்டுமாம். ஆல்டர் புதர்ப் பள்ளத்தில் கொட்டிக் கிடக்கிறது, சனிக்கிழமை விடியும்போதே போனால் கூட்டம் இருக்காது என்றேன். அவள் எப்போதும் போட்டுக்கொள்ளும் சிவப்பு ஜாக்கெட்டைப் பார்த்து, "இதைப் போட்டுட்டுப் போனா உன் இடம் ஊருக்கே தெரிஞ்சிடும்டி" என்றேன். என்னுடைய பழுப்புக் கம்பளிப் போர்வையைக் கொடுத்தேன். கதகதப்பாக இருக்கும். நானே நெய்தது.

"நீ இல்லேன்னா எனக்கு யாரு இருக்கா" என்று கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

எந்த வேட்டைப் பரணில் உட்காரப் போகிறார் என்று ரோமெட் மனைவியிடம் சொல்வதில்லை. வேட்டைக்காரர்கள் யாரும் வீட்டில் சொல்வதில்லை, வாய்விட்டுச் சொன்னால் மான் போய்விடும் என்பார்கள். அந்தச் சனிக்கிழமைப் பரணை என்னிடம் சொல்லியிருந்தார். ஆல்டர் பள்ளத்துக்கு நேர் மேலே, நூற்றிருபது மீட்டர் தள்ளி.

துப்பாக்கியிலும் கண்ணாடி இருக்கிறதே, அதில் தெரியவில்லையா என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி, இன்னொரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பைனாகுலரில் பார்த்து மனம் ஒருமுறை மான் என்று சொல்லிவிட்டால், துப்பாக்கிக் கண்ணாடியிலும் மான்தான் தெரியும். இருபத்தொன்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன். புதருக்கு மேலே குனிந்த பழுப்பு முதுகு, அசைவு, பால்புகை. பெண் மான், கன்று இல்லாதது, சுடலாம்.

அன்று காலை ஆறே காலுக்கு நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காப்பி குடித்தேன். ஒரே சத்தம். அவர் எப்போதும் ஒரே குண்டில் முடிப்பவர். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இதோ அந்தத் திருகு. ஒரு வருடமாக என் தையல் விரலுறைக்குள் வைத்திருந்தேன். பத்திரமாகப் பிடியுங்கள், கீழே விழுந்தால் கிடைக்காது. இதைக் கொடுப்பதற்குத்தான் நானே போலீஸுக்குப் போன் போட்டு உங்களைக் கூப்பிட்டேன். அவர் சிறையில் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம், தன் கண்தான் லோனியைக் கொன்றது என்று. கேட்டதும் மனது தாங்கவில்லை. அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். லோனியைக் கொன்றது நான். அதை எந்த இடத்தில் எழுதச் சொல்கிறீர்களோ அந்த இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

கூடவே இன்னொன்றும் சொல்லிவிடுங்கள். இனி அவருக்குப் புதிதாக ஒன்று வேண்டியிருக்கும். நடுத்தட்டில் மூன்று எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன். ஒன்றும் அவசரமில்லை, அவர் நிதானமாக வந்து பார்க்கட்டும்.