அணைத்து வைத்த வீடு

— லூபாவோட நாய்வண்டியை ஏழாவதாவா விட்டாங்க, ஒன்பதாவதாவா? நீங்க அடுப்புக் கதவைச் சாத்துன சத்தத்துல ஒண்ணும் கேக்கல.

— ஏழாவது. கிளம்பிட்டா. ரேடியோவை நிறுத்து, ஒலிங்கா.

— இருங்க. பெத்தேல் டவுன்ல, பந்தயம் கிளம்புற இடத்துல கூட்டம் இன்னும் கத்துது. நம்ம லூபா பேரைச் சொன்னதும் கைதட்டுனாங்க, கேட்டீங்கள்ல? ஊரே அவளை நின்னு பாக்குது. பெத்த நாம ரெண்டு பேரும் ஆத்தங்கரையில உக்காந்து காதுல கேக்குறோம்.

— நிறுத்துன்னா நிறுத்து. ஆத்தங்கரை ஆளுங்களோட நாம பேசுற அந்த ரேடியோவையும் சேத்து. நாய்க்குக் காது நம்மள மாதிரி இல்ல. ஆத்து வளைவு தாண்டும்போதே இந்த வீட்டுச் சத்தம் கேட்டுரும்.

— நிறுத்திட்டேன், போதுமா? அடுப்பையும் அணைச்சாச்சு. இனி நாம விறைச்சுப் போக வேண்டியதுதான்.

— புகை தெரிஞ்சாலும் திரும்பிரும். அவ வண்டியில பூட்டுன அத்தனை நாயும் இந்த வாசல்ல பொறந்தது. போன வருஷம் பந்தயத்துல நம்ம ஊரு நிக்கிஃபர் ஓட்டுனப்ப, அவன் பொண்டாட்டி மறந்துபோய் வாசல் விளக்கைப் போட்டா. அவன் நாயெல்லாம் நேரா வீட்டுக்கே வந்து படுத்துக்கிச்சு. கெஞ்சிப் பாத்தான், இழுத்துப் பாத்தான், ஒண்ணும் எழுந்திரிக்கல. பந்தயம் அதோட போச்சு.

— தெரியுங்க. பாவம், இன்னிக்கும் அவளைக் கடையில கண்டா விளக்கு இருக்கான்னுதான் கேக்குறாங்க. லூபாவே சொல்லி விட்டாளா, வீட்டை இருட்டா வைக்கச் சொல்லி?

— மோசஸ் வந்து சொன்னான். செவ்வாய்க்கிழமை. நீ கோயிலுக்குப் போயிருந்த.

— அம்மா எப்படி இருக்கான்னு கேக்கலையா?

— அவ்வளவுதான் சொன்னான்.

— எங்க அக்கா மகன் வாயைத் திறந்தா மூட மாட்டானே. உங்ககிட்ட மட்டும் ஒரே வார்த்தையில முடிச்சுட்டானா?

— குளிரு. அவசரமாப் போயிட்டான்.

— நம்ம பையன் வசிலியை அடக்கம் பண்ணுன அன்னிக்குப் போனவ. அதுக்கப்புறம் இந்த வாசல்ல கால் வைக்கல. நீங்க குழி பக்கத்துல நின்னு அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

— இப்ப எதுக்கு அது?

— இருட்டுல உக்கார வெச்சா வேற என்ன பேசுவேன்? பனிக்காத்துல அவ வழி தவறுனதும் அண்ணன்காரன் தேடிப் போனான். ஐஸ் உடைஞ்சு ஆத்துக்குள்ள போயிட்டான். அது அவ குத்தமா? ‘அவன் திரும்பி வந்திருக்கணும், நீ வந்து நிக்கிற’ன்னு சொன்னீங்க. பெத்த பொண்ணு முகத்தைப் பாத்து.

— சொன்னேன். விடு.

— ஆனா ஒண்ணு. ஆறு உறையறதுக்கு முன்னாடி, பந்தயத்துக்கு நாய் வேணும்னு மோசஸ்கிட்ட கேட்டு விட்டா பாருங்க, அன்னிக்கு மறுபேச்சு பேசாம எல்லாத்தையும் படகுல ஏத்தி விட்டீங்க. துலுக்கைக்கூட. அன்னிக்குத்தான் எனக்கு மனசு கொஞ்சம் ஆறுச்சு.

— முன்னால ஓட துலுக் இல்லாம எப்படிப் போவா?

— காலையில கொழுப்பு அடிச்சு, பெர்ரி போட்டு அகுதாக் கலக்கி வெச்சேன். கை தானாப் போயிருச்சு. அவளுக்குப் பிடிச்சதுன்னு.

— எதுக்கு?

— எதுக்கோ. ஏங்க, வழியில எங்கயாவது நாயைப் படுக்க வெச்சு எழுப்பித்தானே ஆகணும்? அது சட்டம்தானே? எங்க வேணா படுக்க வைக்கலாம்னா, இங்கயே வெச்சா என்ன?

— பொறந்த வாசல்ல படுத்த நாய் எழுந்து போகாது.

— துலுக் போகும். அவ சொன்னா நெருப்புக்குள்ளயும் போகும். மத்ததெல்லாம் அது பின்னாடி போகும். உங்களுக்கும் தெரியும்.

— பேசாம இரு.

— கையில தீப்பெட்டி இருக்குங்க. ஒரே ஒரு குச்சி. ஜன்னல்கிட்ட கிழிச்சாப் போதும், என் பொண்ணு வாசல்ல நிப்பா.

— கொடு இங்க.

— பயப்படாதீங்க, கிழிக்க மாட்டேன். இத்தனை நாள் கழிச்சு ஒண்ணு கேட்டிருக்கா. அதைக்கூடச் செய்யலன்னா நான் என்ன தாய்? இந்தாங்க, நீங்களே வெச்சுக்குங்க.

— உஷ். கிழட்டுத் தாய் நாய் காதைத் தூக்குது.

— வர்றாங்க. பெத்த குட்டிங்க வாசம் வருதுல்ல அதுக்கு.

— அது வாயைப் பிடிச்சுக்க. ஒரு ஊளை விட்டா முடிஞ்சுது.

— பிடிச்சுட்டுத்தான் இருக்கேன். என் மடியில கிடந்து நடுங்குது பாருங்க. அடியே கிழவி, உனக்கும் எனக்கும் ஒரே விதிதான். அதோ, தலையில விளக்கு. அவதான். வசிலியோட ரோமச் சட்டையைப் போட்டிருக்கா.

— மெதுவாப் பேசு.

— நின்னுட்டா.

— துலுக் மோப்பம் பிடிச்சிருக்கும்.

— இல்லங்க. துலுக் நேரா ஆத்தைத்தான் பாக்குது. அவதான் பிரேக்கை மிதிச்சுக்கிட்டு நிக்கிறா.

— அசையாத.

— நம்ம ஜன்னல்ல வெளிச்சம் அடிக்கிறா.

— குனிஞ்சுக்க.

— குனிஞ்சுட்டேன். எதுக்குங்க நிக்கிறா? ஏங்க? எதுக்கு இவ்வளவு நேரம் நிக்கிறா?

— எனக்கென்ன தெரியும்.

— விளக்கை அணைச்சுட்டா. இருட்டுல நிக்கிறா. திரும்பப் போட்டுட்டா. போறா. போயிட்டா.

— ம்.

— நல்லவதான். சொன்னபடி இருட்டா வெச்சிருக்கோமான்னு பாத்துட்டுப் போறா. கிழவி, விட்டுட்டேன்டி, கத்திக்க. அடுப்பைப் பத்த வைங்க. என்ன, குச்சி கிழிக்க இவ்வளவு நேரம்?

— குளிரு.

— கண்ணு கலங்கியிருக்கு.

— புகை.

— இன்னும் பத்த வைக்கவே இல்லயே. கொடுங்க இங்க. உக்காருங்க, தேத்தண்ணி வைக்கிறேன். ஒரு விதத்துல எனக்கு நிம்மதியா இருக்குங்க. கேட்டா, செஞ்சோம். இனிமேல் ஒரு நாள் வருவா.

— ஒலிங்கா. அவ உள்ள வந்திருந்தா நான் என்ன பேசியிருப்பேன்?

— என்னத்தைப் பேசுறது? வா, உக்காரு, சாப்பிடு. அவ்வளவுதான்.

— அது போதுமா?

— போதும்ங்க. அவளுக்கு அதுவே போதும். இந்நேரம் அடுத்த வளைவுல, பந்தயம் பாக்க மோசஸ் போட்டிருக்கிற கூடாரத்தைத் தாண்டியிருப்பா. ரேடியோவுல கேக்குறேன்.

— வேணாம்.

— ஏன்? நாய்தான் போயிருச்சே.

— நாளைக்குக் கேட்டுக்கலாம். ஒலிங்கா, அதை வெச்சிரு. சொன்னாக் கேளு.

— கையை எடுங்க. மோசஸ், மோசஸ், ஒலிங்கா சித்தி பேசுறேன். லூபா வந்தாளா?

— வந்தா சித்தி. நாயெல்லாம் நல்லா இருக்கு. நிக்காமப் போயிட்டா, அழுதுகிட்டே. அவ சொல்லி விட்டதைச் சித்தப்பா உங்ககிட்ட சொல்லலையா? ‘அப்பாவுக்குக் கோபம் ஆறியிருந்தா ஜன்னல்ல ஒரு விளக்கு வைக்கச் சொல்லு, நான் உள்ள வர்றேன்’னு சொன்னா. செவ்வாய்க்கிழமையே வந்து அவர்கிட்ட சொல்லிட்டுப் போனேனே.