உள்பக்கத் தாழ்ப்பாள்

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது செருப்புகளைத்தான். எத்தனை ஜோடி கிடக்கின்றன, எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கின்றன என்று கவனித்தாலே அந்த வீட்டு மனிதர்களைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதிக்கு இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரமும் தினம் காலையில் போய் அவர்களுடைய பழைய வீட்டில் உட்கார்ந்திருப்பேன். யார் எந்த நாற்காலியில் உட்காருகிறார்கள், யார் விளக்கை அணைக்க மறக்கிறார்கள், யார் சன்னலோரம் நின்று போன் பேசுகிறார்கள் என்று குறித்துக்கொள்வேன். அதற்குப் பிறகுதான் புது வீட்டுக்கு முதல் கோடு போடுவேன். இந்த அல்மாத்தி நகரத்தில் இருபத்தாறு வருடமாக இப்படித்தான் வேலை செய்கிறேன். என் வேலையில் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். அதனால்தான் செருப்பிலிருந்து தொடங்கினேன்.

காயிர்பெக்கும் அவர் மனைவி அக்மராலும் என்னிடம் வந்தது போன வருட இலையுதிர்காலத்தில். அவருக்கு நாற்பத்து நான்கு வயது, லிஃப்ட் இறக்குமதி செய்கிறவர். அவளுக்கு முப்பத்தைந்து. பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருடத்துக்கு முன் நிறுத்திவிட்டாள். பிள்ளைகள் இல்லை. மலையடிவாரத்தில் புதிதாகக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றை வாங்கியிருந்தார்கள். மூன்று மாடி; இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு சுவர் ஒட்டியது; உள்ளே வெறும் கான்கிரீட். எனக்குப் பிடித்தது அதுதான்.

"நாங்க எப்படி வாழறமோ அதுக்கு ஏத்த மாதிரி வீடு வேணும், ரவ்ஷான் அக்கா. வீட்டுக்காக நாங்க மாறிக்கிட்டிருக்க முடியாது" என்றார் காயிர்பெக். இருபத்தாறு வருடத்தில் இவ்வளவு தெளிவாக யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அப்போது அவர்கள் நகர நடுவில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில் இருந்தார்கள். வாசலில் அவருடைய செருப்புகள் சுவரைப் பார்த்துக் கிடந்தன. அவளுடையவை கதவைப் பார்த்து, காலை நுழைத்தால் போதும் என்பதுபோல வைக்கப்பட்டிருந்தன. பக்கத்து ஆணியில் அவளுடைய கோட்டு. அதன் பையில் சாவி. படுக்கையறைக் கதவின் நிலையில் புதிதாக ஒட்டுப் போட்ட மரம் தெரிந்தது. கூடத்தில் ஒரு குதிரைப் படத்தை மிகத் தாழ்வாக மாட்டியிருந்தார்கள். உயரம் சரியில்லாத படம் எனக்குக் கண்ணை உறுத்தும். தூக்கிப் பார்த்தேன். பின்னால் சுவர்ப் பூச்சு ஒரு கிண்ணம் அளவுக்கு உள்வாங்கியிருந்தது. ஒருவருடைய தலை உயரம்.

ஆறாவது நாள் காலை நான் கூடத்தில் புத்தக அலமாரியை அளந்துகொண்டிருந்தேன். அவர்கள் சமையலறையில் இருந்தார்கள். காயிர்பெக் குரலை உயர்த்தவே இல்லை. பாலாடை புளித்துப்போனதைப் பற்றி ஏதோ சொன்னார். நாற்காலி விழும் சத்தம் கேட்டது. பிறகு வேறு சத்தம். அக்மரால் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். என்னைத் தாண்டிப் போனாள்; நான் இருப்பதைப் பார்த்தாளா என்று தெரியாது. செருப்பில் காலை நுழைத்து எதிர்வீட்டுக்குப் போனாள். அங்கே தமாரா என்ற ரஷ்யப் பெண்மணி இருந்தார், ஓய்வு பெற்ற நர்ஸ். அக்மரால் தட்டுவதற்கு முன்பே அந்தக் கதவு திறந்தது.

காயிர்பெக் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்து, குளியலறைக்கு இத்தாலியக் கல் நன்றாயிருக்குமா, துருக்கிக் கல்லா என்று கேட்டார். துருக்கிக் கல்லே போதும் என்றேன். அது உண்மையும்கூட.

அன்றைக்கே போலீஸ் நிலையத்துக்கு உங்களிடம் வந்திருக்கலாமே என்று நேற்றுக் கேட்டீர்கள். அளவெடுக்கிற தையல்காரர் உடம்பில் எதைக் கண்டாலும் சட்டைக்கு வேண்டியதைத்தான் எழுதிக்கொள்வார். நானும் அன்று என் குறிப்பேட்டில் மூன்றே சொல் எழுதினேன். சத்தம். முனைகள். வாசல்.

முனைகளைச் சரிசெய்வது எளிது. அந்த வீட்டில் நீங்கள் போய்ப் பார்த்திருப்பீர்கள், கூர்மையான ஒரு விளிம்புகூடக் கிடையாது. சமையலறை மேடை, படிக்கட்டுக் கைப்பிடி, கட்டில், எல்லாம் கூழாங்கல் போல மழுங்கியவை. கண்ணாடி மேசை வேண்டும் என்று காயிர்பெக் ஆசைப்பட்டார். பேசி வால்நட் மரத்துக்கு மாற்றினேன். இதையெல்லாம் அக்மராலுக்காகத்தான் செய்தேன். குறித்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தைப் பற்றி அவரே பேசினார். பழைய வீட்டில் எதிர்வீட்டுக் கிழவி எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறாள் என்றார். "என் வீட்டு விஷயம் சுவரைத் தாண்டக்கூடாது" என்றார். சுவர்களுக்கு அழுத்திய ஆட்டுக் கம்பளி, மேலே மரப்பலகை, நடுவில் கையகல இடைவெளி, மறுபடி கம்பளி. அவர் கேட்டதைவிட நன்றாகவே செய்தேன். உங்கள் நிபுணர் கருவி வைத்து அளந்துவிட்டு, இவ்வளவு அமைதியான வீட்டைத் தான் பார்த்ததே இல்லை என்று எழுதியிருக்கிறாராமே. இதுவும் அவளுக்காகத்தான். அக்கம்பக்கத்தில் தலைகுனிவு இல்லாமல் நடமாடலாம் இல்லையா.

வாசலுக்குத்தான் எனக்கு வழி கிடைக்கவில்லை. மேல் மாடியிலிருந்து தெருவுக்கு முப்பத்தெட்டுப் படி. அதற்கப்புறம் நீண்ட நடை. வெளியே போனாலும் எதிர்வீடு என்று ஒன்று இல்லை. தோட்டமும் பூட்டிய இரும்புக் கதவும்தான். அவளுடைய செருப்புகளுக்கு அந்த வீட்டில் இடமே இல்லாமல் போயிற்று. அது எனக்குக் குறையாகவே இருந்தது.

ஏப்ரலில் ஒரு மதியம், வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தபோது, அவள் தனியாக வந்தாள். நான் மேல் மாடியில் உடை மாற்றும் அறையில் இருந்தேன். சன்னல் இல்லாத, நடுவில் அமைந்த அறை. அவள் கதவு நிலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள்.

"அக்கா, இந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுக் குடுங்க. அவருக்குத் தெரிய வேண்டாம்."

உன் அண்ணன் வீடு தராஸில்தானே, அங்கே போய்க் கொஞ்ச நாள் இருக்கலாமே என்றேன்.

"ரெண்டு வாட்டி போனேன். ரெண்டு வாட்டியும் அண்ணனே கார்ல கொண்டாந்து விட்டுட்டார். வழியில குதிரைக்கறிகூட வாங்கிக் குடுத்தார், மாப்பிள்ளைக்குப் பிடிக்கும்னு." அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். "நான் பெருசா ஒண்ணும் கேக்கல. அவருக்குக் கோவம் ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரம் உள்ள இருக்கணும். அவ்வளவுதான்."

செய்து தருகிறேன் என்றேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

கிம் என்று ஒரு கொரியாக்காரர் இருக்கிறார். சந்தைக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கிறார். நகரத்திலேயே நல்ல பூட்டு வேலைக்காரர். அவரும் நானும் அந்தக் கைப்பிடிக்காக மூன்று வாரம் உட்கார்ந்தோம். பார்வைக்கு வெறும் பித்தளைக் கைப்பிடி, அடியில் பூ வேலை. உள்ளேயிருந்து மேல்பக்கமாகத் திருப்பினால் கதவுக்குள் மூன்று எஃகுக் கம்பிகள் சத்தமில்லாமல் நிலைக்குள் போய்விடும். கோடரி கொண்டுவந்தால்கூட அரை மணி நேரம் தாங்கும். நான் செய்ததிலேயே நல்ல வேலை எது என்று யாராவது கேட்டால் கூசாமல் அதைத்தான் சொல்வேன்.

"வெளிய இருந்து திறக்க வழி வேண்டாமா?" என்று கேட்டார் கிம்.

வேண்டும் என்றேன். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் என்ன செய்வது? நல்ல பூட்டு எதற்கும் அப்படி ஒரு வழி இருக்கத்தான் வேண்டும். வெளிப்பக்கக் கைப்பிடியில், பூவின் நடு இதழுக்கு அடியில் ஒரு துளை வைத்தோம். கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய கம்பி ஒன்றை நுழைத்து அழுத்தினால் மூன்று கம்பிகளும் பின்வாங்கிவிடும்.

"அப்ப அந்தப் பொண்ணுகிட்ட இதைச் சொல்லிடுங்க" என்றார். சொல்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை. யோசித்துத்தான் சொல்லாமல் விட்டேன். சொல்லியிருந்தால் அவள் அந்த அறையில் நிம்மதியாக உட்கார்ந்திருக்க மாட்டாள். நிம்மதி என்பது மனத்தில் இருக்கிற விஷயம். அதை எப்படித் தருவது என்பது என் தொழிலில் பாதி.

ஜூனில் குடிபோனார்கள். ஐம்பது பேருக்கு விருந்து வைத்தார்கள். வந்தவர்கள் படிக்கட்டையும் சுவர்களையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பத்திரிகை வந்து படம் எடுத்துக்கொண்டு போனது. ஆகஸ்டில் திரைச்சீலை மாட்டப் போனபோது அக்மரால் என்னை மேலே அழைத்துப்போனாள். உடை மாற்றும் அறைக்குள் ஒரு போர்வை, தண்ணீர், சின்ன விளக்கு, வேதியியல் பாடப் புத்தகம் ஒன்று வைத்திருந்தாள். மறுபடி படிப்பதாகச் சொன்னாள்.

"மூணு வாட்டி உள்ள போய்ட்டேன் அக்கா. கதவு அசையவே இல்ல. கொஞ்ச நேரம் தட்டுவார், அப்பறம் கீழ போய்டுவார். ஒரு வாட்டி உள்ளயே தூங்கிட்டேன்னா பாத்துக்கங்க." பிறகு சொன்னாள்: "இப்பல்லாம் நான் தெருவுக்கு ஓடறதப் பத்தி நெனைக்கறதே இல்ல."

வாசல் பிரச்சினைக்கு அப்படித்தான் தீர்வு கிடைத்தது. அன்று வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு மனம் நிறைவாக இருந்தது.

நவம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பட்டப்பகல். இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் வீட்டில்தான் இருந்தார்கள், சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், எதுவும் கேட்கவில்லை. அவள் மேலே ஓடியிருக்கிறாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டிருக்கிறாள். கதவுக்கு முதுகைக் காட்டி, விளக்கடியில் உட்கார்ந்த நிலையில் இறந்து கிடந்தாள் என்று நீங்கள் சொன்னீர்கள். நம்பாத கதவுக்கு யாரும் அப்படி முதுகைக் காட்டி உட்கார மாட்டார்கள். நீங்கள் அதை எதற்காகச் சொன்னீர்களோ, எனக்கு இதுதான் தோன்றியது.

என்னைச் சுவர்களைப் பற்றிச் சாட்சி சொல்லத்தான் கூப்பிட்டீர்கள். அவளே கதவைத் திறந்துவிட்டு வம்புக்கு வந்தாள் என்று காயிர்பெக் சொல்கிறாராம். உள்ளிருந்து தவிர வேறு எப்படியும் அந்தக் கதவு திறக்காது, அதனால் அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம் என்று உங்கள் நிபுணர் எழுதியிருக்கிறார். பூட்டைக் கழற்றிப் பார்த்தும் அவருக்குத் துளை தெரியவில்லை. அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்கிறோம். ஆனால் அவர் எழுதியது தவறு, தவறு ஒன்று தாளில் ஏறுவதை நான் விரும்பவில்லை. அக்மரால் திறக்கவில்லை. காயிர்பெக் திறந்தார். எப்படித் திறப்பது என்று அவருக்கு நான் சொல்லியிருந்தேன்.

அக்டோபரில், கீழ்த்தளத்தில் தரையைச் சூடாக்கும் குழாயில் ஏதோ சரியில்லை என்று கூப்பிட்டார். போனேன். குழாயைப் பார்த்த பிறகு வீடு முழுவதும் ஒரு சுற்று வந்தோம். ஒப்பந்தம் அவர் பெயரில் இருந்தது. தன் வீட்டில் ஒரு கதவு ஏன் சில நேரம் திறப்பதில்லை என்று சொந்தக்காரர் கேட்டால் வடிவமைத்தவள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் கேட்டார், சொன்னேன். அவளை எச்சரிக்க நினைத்தேன். அந்த வாரம் வேறொரு வீட்டில் சமையலறை வேலை நடந்துகொண்டிருந்தது.

இதை நீங்கள் எழுதி, படித்துக் காட்டிவிட்டீர்கள். கையெழுத்துப் போடத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் 'உரிமையாளர் கேட்டதால்' என்று ஒரு வரி இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். மற்றதெல்லாம் சரியாக இருக்கும்போது அது மட்டும் கோணலாக நிற்கிறது.

அவர் கேட்கவில்லை. கதவைப் பற்றியே அவர் பேசவில்லை. அவள் ஏதோ பெட்டியை நகர்த்தி அடைத்துக்கொள்கிறாள் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அன்று மேல் மாடிக்கு வந்தபோது படிக்கட்டைப் பாராட்டினார், வெளிச்சத்தைப் பாராட்டினார். அந்தக் கைப்பிடியில் கை வைத்தவர், "இதுவும் அழகாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குத் திரும்பினார். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஐம்பது பேர் வந்தார்கள், பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று என்னையும் கிம்மையும் தவிர ஒருவருக்கும் தெரியவில்லை. அக்மராலுக்கே பாதிதான் தெரியும்.

கொஞ்சம் நில்லுங்கள் என்று நான்தான் அவரைக் கூப்பிட்டேன். உள்ளே போய்த் தாழ் போட்டுக் காட்டினேன். பிறகு வெளியே வந்து, என் கொண்டை ஊசி ஒன்றை எடுத்து இதழுக்கு அடியில் நுழைத்து அழுத்தினேன். அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவ்வளவு கவனமாக அவர் எதையும் பார்த்ததில்லை. சரியாகப் புரிந்ததா என்று தெரிந்துகொள்ள, ஊசியை அவர் கையில் கொடுத்து, அவரையும் ஒருமுறை திறந்து பார்க்கச் சொன்னேன்.