பேசுக

இந்த அம்மாவுக்கு நாற்காலியில் சாய்ந்து உட்காரத் தெரியவில்லையே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளாக வருகிறார். மூன்று நாளும் நுனியிலேயே உட்காருகிறார். முதுகு வலிக்காதா? வாய்விட்டுக் கேட்கவில்லை. விசாரணை அதிகாரியிடம் அதையெல்லாம் கேட்க முடியுமா?

எனக்கு எதிரே ஒரு வெள்ளைத்தாளை வைத்திருந்தார். அதில் ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால், சிறையில் இருக்கும் பொறியாளர் வெளியே வந்துவிடுவார். அந்த அதிகாரியிடம் நான் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அண்ணன் இருபத்தெட்டு வருடம் நகராட்சித் தலைவராக இருந்தார். நான் அவருடைய தங்கை. இருபத்தெட்டு வருடமும் அவருடைய உதவியாளர். அவர் கைபடாத தெருவிளக்கு இந்த ஊரில் கிடையாது. கடைசி மூன்று வருடத்தில்தான் நினைவு தப்பியது. முதலில் பெயர்கள் போயின. அதனால் ஒன்றும் குறையவில்லை, எல்லாரையும் 'தம்பி' என்றார். பிறகு எழுத்து போயிற்று. கோப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தலையாட்டுவார். கடைசியில் அவரிடம் மிஞ்சியது ஒரே ஒரு வாக்கியம்: "சாப்பிட்டியாப்பா?" யாரைப் பார்த்தாலும் அதைத்தான் கேட்டார். பதவி தலைக்கேறாத மனிதர் என்று ஊர் மெச்சியது. இருபத்தெட்டு வருட அரசியலுக்கு அந்த ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்ததில் எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான்.

கோப்புகளில் நான் எழுத ஆரம்பித்தேன். அவர் எழுத்து எனக்குக் கைவந்த எழுத்து. கெடுதல் எதுவும் செய்யவில்லை. இரண்டு பள்ளிகளுக்குக் கழிப்பறை என் கையெழுத்தில்தான் வந்தது. அதாவது, அண்ணன் கையெழுத்தில்.

அப்போதுதான் குடிநீர்த் தொட்டியின் கோப்பு வந்தது. தொட்டி அண்ணனின் முதல் வேலை. ஊருக்குள் எங்கிருந்து பார்த்தாலும் அதன் வயிற்றில் அவர் பெயர் தெரியும். கீழே, அதன் நிழலில், பெண்களுக்கான தையல் பள்ளி. அதுவும் அவர் கட்டியதுதான். மூன்று தூண்களில் கம்பி துருப்பிடித்து இற்றுப்போயிருக்கிறது, உடனே நீரை வடித்து இடிக்க வேண்டும் என்று பொறியாளர் எழுதியிருந்தார். இரண்டு முறை படித்தேன். புரியாமல் இல்லை, நன்றாகவே புரிந்தது.

இடிப்பதென்றால் மன்றத்தைக் கூட்ட வேண்டும். தன் பெயர் போட்ட தொட்டியை ஏன் இடிக்கிறார் என்று அண்ணனே எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் முன்னால் அவர், "சாப்பிட்டியாப்பா?" என்பார். அதை என்னால் பார்க்க முடியாது.

முடியாது என்று எழுதினால் பொறியாளர் மேலிடத்துக்குப் போய்விடுவார். அலுவலகத்தில் இன்னொரு சொல் உண்டு: 'பேசுக'. நேரில் வந்து என்னிடம் பேசு என்று பொருள். பேசி முடிக்கும்வரை கோப்பு ஓர் அடி நகராது. கோப்பின் ஓரத்தில், அண்ணன் போடுவதுபோல் வால் நீட்டி, 'பேசுக' என்று எழுதினேன். பேச்சே போய்விட்ட மனிதரின் பெயரால் எழுதினேன்.

பொறியாளர் விதியை மதிக்கிற ஆள். ஏழு முறை வந்தார்.

"தலைவர் ஓய்வா இருக்கார்."

"தலைவர் வெளியூர் போயிருக்கார்."

ஐந்தாவது முறை வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே சிரித்தார். "அக்கா, சாமியக்கூட பாத்துடலாம் போல. உங்க அண்ணன்கிட்ட பேச நான் இன்னொரு பிறவி எடுத்துத்தான் வரணுமா?"

பாவமாக இருந்தது. உள்ளே விட்டேன். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். மறுபடி மறுபடி கேட்டார். பொறியாளர் அண்ணனைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் என்னைப் பார்த்தார்.

"அக்கா, இவரு..."

"களைப்பா இருக்காரு. அடுத்த வாரம் வாங்க."

அதற்குப் பிறகும் இரண்டு முறை வந்தார். தையல் பள்ளியையாவது வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று எனக்கும் தோன்றியது. காரணம் கேட்பார்களே என்று விட்டுவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் தொட்டி விழுந்தது. ஒன்பது பெண்கள். என் சட்டைக்கு அளவெடுத்தவள் அதில் ஒருத்தி. நல்ல கை அவளுக்கு.

நாற்பது நாள் கழித்து அண்ணன் போனார். அந்தத் துக்கத்திலேயே போய்விட்டார் என்றது ஊர். தொட்டி விழுந்ததே அவருக்குத் தெரியாது. கோப்பை எடுத்துப் பார்த்தவர்கள், தலைவர் பேசச் சொல்லியும் பொறியாளர் போய்ப் பேசவில்லை என்று குற்றம் எழுதினார்கள். ஏழு முறை போனேன், தலைவருக்குப் பேச்சே இல்லை என்று பொறியாளர் சொன்னதை யார் நம்புவார்கள்? ஊரில் எல்லாரிடமும் பேசிய தலைவர் ஆயிற்றே.

ஒன்பது பேரைக் கொன்றது நான்தான்.

அதிகாரி தாளை என் பக்கம் நகர்த்தினார். "அம்மா, எழுதினது யாருன்னுகூட நான் கேக்கல. அப்போ உங்க அண்ணனுக்கு நினைவு சரியா இல்லன்னு ஒரு வரி. அவ்வளவுதான். அந்த மனுஷனுக்கு ரெண்டு பொண்ணுங்கம்மா."

எனக்குத் தெரியும். மூத்தவளுக்குப் பள்ளியில் இடம் வாங்கிக் கொடுத்ததே அண்ணன்தான். அந்தக் கடிதத்தில் இருப்பது அவரே போட்ட கையெழுத்து. ஆனால் இந்த ஒரு வரியை எழுதினால் மூன்று வருடம் இந்த ஊரை ஆண்டது யார் என்ற கேள்வி வரும். பிறகு இருபத்தைந்து வருடத்தையும் சந்தேகப்படுவார்கள். அண்ணன் கடைசிவரை எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துத்தான் செய்தார்.

பேனாவை மூடித் தாளின்மேல் வைத்து, இரண்டையும் அவர் பக்கமே தள்ளினேன்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. அண்ணனைக் கேக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட்டதில்ல."