குதிகால் கயிறு

பெயரையும் கதவு எண்ணையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது முப்பத்தாறு. சலவைக்கடைக்கு மேல் மாடியில் குடியிருந்து, அதே தெருவில் தையல் வேலை செய்து வருகிறேன். படகு மன்றத்தில் என்னை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வாயை ஒன்பது நாளாக மூடி வைத்திருந்தேன். மன்றத்தின் மெக்கானிக்கை நேற்று விசாரணைக்குக் கொண்டுவந்ததாகக் கேள்விப்பட்டு நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

ஆண்டுப் படகுப் போட்டியில், பெண்கள் நால்வர் பிரிவில், ஆளுக்கு இரண்டு துடுப்பு பிடித்து ஓட்டுவோம். மூன்று வருடமாக நாலாம் இடம்தான். பதக்கம் மூன்று இடத்துக்கு மட்டும். என் நாத்தனார், என் கணவருடைய ஒரே தங்கை, வயது இருபத்தெட்டு, நர்ஸ், படகின் முனை இருக்கையில் உட்காருவாள். அவளைச் சேர்த்துவிட்டதே நான்தான்.

படகில் காலணிகளின் முன்பாதி ஒரு பலகையில் திருகப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் குதிகாலும் சிறு கயிற்றால் பலகையோடு கட்டப்பட்டிருக்கும். கவிழ்ந்தால் கயிறு காலணியைப் பிடித்துக்கொள்ளும், இழுத்த இழுப்பில் பாதம் மட்டும் கழன்று வரும். மெக்கானிக் எட்டுக் கயிறுகளையும் இந்த வருடப் போட்டிக்கு முந்தின நாள் புதிதாகக் கட்டியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். போட்டியன்று காலை எட்டு மணிக்குப் பரிசோதகர் ஒவ்வொரு காலணியின் குதிகாலையும் தூக்கிப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

அதன் பிறகு முதல் சுற்றில் ஜெயித்தோம். கரையேறியதும் நாத்தனார், "அண்ணி, சீட்டோட சறுக்கி முன்னால வரும்போது கயிறு குதிகாலப் புடிச்சு இழுக்குது. மெக்கானிக் அண்ணனக் கூப்பிடவா?" என்றாள். அவர் வந்தால் கொஞ்சம் தளர்த்திவிட்டு, மறுபடி பரிசோதகரிடம் காட்டச் சொல்வார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. "பரிசோதனைதான் முடிஞ்சாச்சே, இனிமே எந்த மகராசன் வந்து குனிஞ்சு பாக்கப் போறான்?" என்று சொல்லி, நூல் வெட்டும் கத்தரியால் அவள் காலணியின் இரண்டு கயிறுகளையும் வெட்டி, முடிச்சோடு எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அவள், "கவுந்துட்டா அண்ணி?" என்றாள். "இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது கவுந்திருக்கோமா? போடி பயந்தாங்கொள்ளி" என்றேன். அவள் சிரித்தாள்.

அதன் பிறகு மதியம் மூன்றரைக்கு இறுதிப் போட்டி தொடங்கியது. பாதித் தூரம் தாண்டியபோது மூன்றாவதாக இருந்தோம். காற்றில் பக்கத்துப் படகு எங்கள் தடத்துக்குள் வந்து, அவர்கள் துடுப்பு எங்கள் துடுப்பில் மாட்டி, எங்கள் படகு கவிழ்ந்தது. ஒரே இழுப்பில் என் பாதங்கள் கழன்றன. மேலே வந்து எண்ணினால் என்னையும் சேர்த்து மூன்று தலைதான் இருந்தது. உள்ளே போய்த் தடவினேன். அவள் இழுக்க இழுக்கக் காலணியும் கூடவே எழும்பியது. ஒரு காலணியின் பட்டையை அவிழ்ப்பதற்குள் மூச்சு முட்டி மேலே வந்துவிட்டேன். மறுபடி போனபோது அவள் இழுக்கவில்லை.

அதன் பிறகு மன்றச் செயலாளர், பரிசோதனைக்குப் பின் படகு மெக்கானிக் பொறுப்பில்தான் இருந்தது, கயிறுகளைக் கழற்றியவர் திரும்பக் கட்ட மறந்துவிட்டார் என்று எல்லோரிடமும் சொன்னார். மெக்கானிக் இல்லவே இல்லை என்றார். யாரும் நம்பவில்லை. என் மாமியார் ஒன்பது நாளாக என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "எம்பொண்ணக் கொன்ன அந்தக் கை வெளங்குமாடி?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நானும் "வெளங்காது அத்தை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கத்தரியையும் இரண்டு கயிறுகளையும் மேசைமேல் வைத்திருக்கிறேன். மெக்கானிக்கை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், ஐயா. என் கணவருக்கும் மாமியாருக்கும் இன்னும் தெரியாது. வண்டி அனுப்பிச் சொல்ல வேண்டாம். நானே சொல்கிறேன், அத்தை என் கையைப் பிடிப்பதற்கு முன்னால்.

எழுத்தர் இதைப் படித்துக்காட்டினார். "தெரியாமல் வெட்டிவிட்டேன்" என்று இரக்கப்பட்டு ஓர் இடத்தில் எழுதியிருந்தார். அந்தக் கயிறு எதற்கு என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல்லை அடிக்கச் சொன்னேன், அடித்தார். மீதி எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்ததும் அதுவே.

(ஒப்பம்)