சாமியறையில் ஒரு மஞ்சள் படம்

எனக்குச் சுவரில் ஆணி அடிக்க வராது. அடித்தால் ஆணி வளையும், இல்லையென்றால் சாந்து பெயர்ந்து விழும். அன்றைக்கு மட்டும் ஒரே அடியில் இறங்கியது. நீங்கள் குற்றம் என்று சொல்வது அந்த ஒரு ஆணியைத்தான்.

என் மனைவி மயூரி படம் கீறுபவள். மரம், மனிதர் ஒன்றும் இராது, வெறும் நிறங்கள்தான். ஜேர்மனியில் ஒரு வருடம் தங்கிக் கீற ஓர் அழைப்பு வரும்போல இருந்தது. அதற்கு ஒரேயொரு படம் அனுப்ப வேண்டும். அவளிடம் இரண்டு இருந்தன. ஒன்று நீலம், பார்த்தால் எனக்கே கண்ணை எடுக்க மனம் வராது. மற்றது மஞ்சள், பருப்புக்கறி கவிழ்ந்த மாதிரி. அதை அவளே சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

நான் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிப்பிக்கிறேன். உருவமே இல்லாத படம் ஒருவருக்கு ஏன் பிடிக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. அடிக்கடி கண்ணில் பட்டால் பிடித்துப்போகும். ஆகவே மஞ்சளை எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டின் சாமியறையில், முருகனுக்குப் பக்கத்தில் மாட்டினேன். நீலத்தைப் பத்திரமாக அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன்.

மயூரியின் தாய் பாலேஸ்வரி மாமி முதலில் முகம் சுளித்தார். பிறகு ஒருநாள், "தம்பி, இதுக்குள்ள வேல் தெரியுது" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை சட்டத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்து, செவ்வரத்தம்பூவும் செருகினார். வந்த சொந்தக்காரரெல்லாம் கும்பிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. ஆராய்ச்சி நடக்கும்போது சிரிக்கக் கூடாது.

மயூரியும் காலையில் கும்பிட்டுக் கண் திறந்ததும் அதைத்தான் பார்த்தாள். கடைசியில் என்னிடமே வந்தாள்.

"மஞ்சள்தான் வடிவாக் கிடக்குப் போல. நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"உமக்குப் பிடிச்சதை அனுப்பும்" என்றேன். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, கவனியுங்கள்.

அழைப்பு வரவில்லை. அவளுக்குத் தன் கண்ணிலேயே நம்பிக்கை போய்விட்டது. பிரஷ்களை மேல்மாடி றஷ்மியிடம் கொடுத்துவிட்டாள். இப்போது சேலைக்கு நிறம் பார்ப்பதென்றாலும் என்னைத்தான் கேட்கிறாள். எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது.

ஆனால் போகவிட்டிருந்தால் ஒரு முழு வருடம் அவள் என்னைக் கண்டிருக்க மாட்டாள். பெண் பார்க்கப் போன அன்றே, "எனக்கு இவரைப் பிடிக்கேல்லை அம்மா" என்று அவள் உள்ளே சொன்னது என் காதில் விழுந்தது. அப்படிப்பட்டவளை இடையில் விடலாமா? கல்யாணமாகி ஒன்பது வருடமாகத் தினமும் என் முகத்தைப் பார்க்கிறாள். இன்னும் கொஞ்சக் காலம்தான், பிடித்துப்போகும்.