பதினேழாம் கட்டம்

— அந்த வயரை விடுங்கோ, அன்ரோனெற் அன்ரி! கழட்டினா இருபத்திரண்டு வள்ளமும் திரையில இருந்து போயிடும்.

— போகட்டுமன். ஒண்டு கடலோட போனது போதாதே?

— முதல்ல கதிரையில இருங்கோ. மூச்சு வாங்குது உங்களுக்கு.

— கோயிலடியில இருந்து ஓட்டமும் நடையுமாய் வாறன். மீன்பிடிச் சங்கக் கந்தோருக்குப் புதுக் கொம்பியூட்டர் வந்திருக்கு, நிருஷா மாத்துறாள் எண்டு சிங்கராசா சொன்னவன். பழசில கிடக்கிறதெல்லாம் அழிஞ்சிடும்தானே?

— பயப்பிடாதேங்கோ. அழிய விடமாட்டன்.

— ஆர் பயந்தது? அழி எண்டு சொல்லத்தான் வந்தனான்.

— என்னத்தை?

— பதினேழாம் கட்டத்தை. என்ர மகன் அலெக்ஸாண்டற்ற வள்ளத்தை. மற்றதெல்லாம் பச்சையில நிக்க, அது மட்டும் ஒரு வருசமாய்ச் சிவப்பில நிக்குது. மீன் நிறுக்க வாற சனம் திரையைப் பாக்குது, பிறகு என்னைப் பாக்குது. மாதாவே, எத்தினை நாளைக்கு?

— வேற பக்கத்துக்கு மாத்திவிடுறன். ஒருத்தருக்கும் தெரியாது.

— மாத்த வேண்டாம். அழி.

— ஏலாது, அன்ரி.

— நீ செய்து பூட்டின பெட்டி. உனக்கு ஏலாதோ?

— ஏலும். ஆனா செய்யமாட்டன். 'வள்ளத்துக் கருவி கடைசியாய்க் கேட்டது காலமை ஆறு பத்து, கரையில இருந்து ஒன்பது கிலோமீற்றர்' எண்டு அதில கிடக்கு. அவர் இருந்ததுக்கு அதுதான் கடைசி. உடம்புகூடக் கிடைக்கேல்லையே.

— அதைப் போய்க் கல்லறையாக்கி வைச்சிருக்கிறாய்.

— மெழுகுதிரி ஒண்டும் கொளுத்தேல்லை. விசிறியில பிடிக்கிற உப்பைத் துடைக்கிறன். கரண்ட் போனா பற்றறியைப் பாக்கிறன். அவ்வளவுதான்.

— அவன்தானே கூரையில ஏறி அன்ரனா கட்டினவன்.

— ஓம். பிழையாய். கடலைப் பாத்துக் கட்டச் சொன்னனான், எங்கட வீட்டைப் பாத்துக் கட்டிப்போட்டு இறங்கினவர்.

— கள்ளன்... எனக்கு ஒண்டும் சொல்லேல்லை.

— பெருநாள் முடியச் சொல்லுவம் எண்டவர்.

— நிருஷா, என்ர பிள்ளை, கெஞ்சிக் கேக்கிறன். அழிச்சுவிடு.

— நான் சொல்லுறதை ஒருக்காக் கேளுங்கோ. ஊர் என்ன சொல்லுது? நிருஷான்ர பெட்டி ஊமைப் பெட்டி. அவற்ற அப்பா, அம்புறோஸ் அங்கிள், என்னைக் கண்டா மற்றப் பக்கம் திரும்புறார். ஒரு மணித்தியாலம் முந்தித் தெரிஞ்சிருந்தா இரணைத் தீவுப் பக்கம் ஆள் போய் அவரை ஏத்தியிருக்குமாம்.

— அவர் நெஞ்சு வெந்து கதைக்கிறார்.

— சரியாய்த்தான் கதைக்கிறார். அரை மணித்தியாலம் வள்ளத்துக் கருவி கேக்காட்டி வீட்டாக்களின்ர கைப்போனுக்குச் சத்தம் போகோணும். பத்து நிமிசத்துக்குள்ள அங்க ஆரும் 'பார்த்தாச்சு' எண்டு அமத்தாட்டி, எனக்கும் சங்கத்துச் சிங்கராசா அண்ணைக்கும் வரோணும். எனக்கு வரேல்லை.

— பழசுகளைக் கிண்டாதை.

— மடு மாதா பெருநாளுக்கு ஊரே போயிடும், எல்லா வள்ளமும் கரையில. கருவிகளை நிப்பாட்டக் கட்டமெல்லாம் சிவந்து ஊர்ப் போன் முழுக்க அலறும். முந்தின வருசம் பூசைக்குள்ள அலறினது, சுவாமி பிரசங்கத்தை நிப்பாட்டிப்போட்டு எங்கட பக்கம் பாத்தவரல்லே. அதால போன முறை சத்தத்தை அடைச்சுவிட்டனான். 'நான் நண்டு வலை இழுத்துப்போட்டுத்தான் மடுவுக்கு வருவன், பதினேழை மட்டும் திறந்துவிடு' எண்டு அவர் சொன்னவர்.

— உனக்குத்தான் சொன்னவன். பெருநாளண்டு கடலுக்கு இறங்கினா நான் ஏசுவன் எண்டு எனக்குச் சொல்லேல்லை. வீட்டில படுத்துப்போட்டு பஸ்ஸில வருவான் எண்டிருந்தன்.

— திறந்தனானோ, மறந்தனானோ, எனக்கு நினைவில்லை. மத்தியானம் வரைக்கும் மடுவில ஒரு மரத்துக்குக் கீழ அவரைப் பாத்துக்கொண்டு இருந்தனான். போன் சத்தம் போடேல்லை, அப்ப சுகமாய் இருக்கிறார் எண்டு.

— நீ மறந்திருக்கமாட்டாய்.

— அது இந்தப் பழசில எழுதியிருக்கும். ஒரு வருசமாய்த் திறந்து பாக்கேல்லை. நான்தான் அவரைக் கொண்டனான் எண்டு அதில கிடந்தா? இண்டைக்குப் புதுசுக்கு ஏத்தேக்க பாத்துத்தான் ஆகோணும். அரைவாசிக்கு மேல வந்திட்டுது.

— நிப்பாட்டு.

— இன்னும் கொஞ்சம்தான்.

— நிப்பாட்டு எண்டுறன்! நான் அம்புறோசிட்டச் சொல்லுறன், உன்னில பிழையில்லை எண்டு. ஊருக்கும் சொல்லுறன்.

— உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— எனக்குத் தெரியும். அதை விடு.

— வந்திட்டுது... பதினேழு. ஓகஸ்ட் பதினஞ்சு. ஆறு நாப்பது, வீட்டுப் போனுக்கு... அனுப்பியிருக்கு! அன்ரி, அனுப்பியிருக்கு! நான் மறக்கேல்லை! பிறகேன் எனக்கு வரேல்லை?

— காணும். மூடு.

— கீழ இன்னொரு வரி கிடக்கு. ஆறு நாப்பத்தொண்டு...

— வாசியாதை, பிள்ளை. நானே சொல்லுறன். பூசையில சுவாமியிட்ட நன்மை அப்பம் வாங்க வரிசையில நிண்டனான், எனக்கு முன்னால ரெண்டு பேர்தான், என்ர போன் அலறினது. சுவாமி திரும்பவும் பாக்கப்போறார் எண்ட வெக்கத்தில, என்னெண்டும் பாராமல் 'பார்த்தாச்சு' எண்டதை அமத்திப்போட்டு, நாக்கை நீட்டினனான்.