கூனுக்கு மேலே ஒரு வெடிப்பு

எனக்கு உள்ளங்கை வேர்க்காது. பாறை ஏறுகிறவர்கள் எல்லாரும் இடுப்புப் பையில் வெள்ளை மாவைக் கட்டிக்கொண்டு, நாலு பிடிக்கு ஒருதரம் அதில் கையை விட்டுத் துழாவுவார்கள். எனக்கு அந்தத் தொல்லை கிடையாது. பங்குனி வெயிலிலும் கை காய்ந்துதான் இருக்கும். "எங்க குமரகுருபரனுக்கு எதுக்கும் பதட்டமே கெடயாது பாத்துக்கோ" என்று அம்மா அத்தைமாரிடம் பெருமை அடித்துக்கொள்வாள். நீங்கள் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். ரெக்கார்டர் ஓடட்டும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கும் பதில் உண்டு. கூனன்பாறை ஏறும் வழியைப் புத்தகத்தில் படம் போட்டு விளக்கப் போவதாகச் சொன்னீர்கள். கூனுக்கு மேலே இருக்கிற வெடிப்பு இடப்பக்கமா வலப்பக்கமா என்று மட்டும் தெரிய வேண்டும் என்றீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வருகிறேன்.

விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய பேப்பர் கடையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை கிடைத்தது. அதில் ஒருவன் பாறை வெடிப்புக்குள் சாதாரண இரும்பு நட்டைச் செருகி, அதில் கோத்த வளையத்தில் தன் கயிற்றை மாட்டிக்கொண்டு ஏறுகிறான். வெடிப்பு குறுகுகிற இடத்தில் நட்டை இறக்கிவிட்டால், கீழே இழுக்க இழுக்க அது இறுகும். ஆள் தவறினாலும் அந்த நட்டோடு நின்றுவிடுவான். அட, இவ்வளவுதானா என்று இருந்தது. எங்கள் மில்லில் நட்டுக்கா பஞ்சம்? கழித்துப்போட்டவற்றைப் பொறுக்கி, உள்மரையை அரத்தால் ராவி வழவழப்பாக்கிக் கயிறு கோத்தேன். "சைவ வீட்டுப் பிள்ளை கொரங்கு மாதிரி பாறையில தொங்குதானே" என்று தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பூதலிங்கம் என் கூட்டாளி. அதே மில், அதே ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இருவரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். எங்களுக்கு ஒரே சட்டம். பாறையில் துளை போடக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. செருகிய நட்டைப் பின்னால் வருகிறவன் பிடுங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். நாம் வந்துபோனது பாறைக்கே தெரியக் கூடாது. இந்தப் பக்கத்தில் அப்படி ஏறிக் காட்டிய முதல் ஆள் நான்தான். அதில் பொய் ஒன்றும் இல்லை.

களக்காட்டுக்கு இந்தப் பக்கம் கூனன்பாறை இருக்கிறது. கீழிருந்து முக்கால் உயரத்துக்கு அருமையான வெடிப்பு. அதற்கு மேல் பாறை முதுகு வளைந்து வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதுதான் கூன். பூதலிங்கமும் நானும் கூனின் அடிவரை பலமுறை போய்த் திரும்பியிருக்கிறோம். ஒருநாள் அவனுக்குத் தெரியாமல் நான் மட்டும் போனேன். பின்பக்கம் ஆடு மேய்க்கிறவர்கள் போகிற தடம் உண்டு. அதில் நடந்து உச்சிக்குப் போய், ஒரு கல்லில் கயிற்றைக் கட்டி, மேலிருந்து இறங்கிக் கூனைப் பார்த்தேன். அதற்கு மேலே மொட்டைத்தலைதான். ஒரு நகம் நுழைய இடமில்லை. கயிற்றில் தொங்கிக்கொண்டே ஏறிப் பார்த்தேன், அதுவும் முடியவில்லை. வந்த தடத்திலேயே இறங்கி வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, பூதலிங்கத்திடம் ஏறிவிட்டேன் என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்பீர்கள். தெரியவில்லை. வாய் தவறி வந்தது என்று சொல்ல முடியாது, யோசித்துத்தான் சொன்னேன். "நட்டு போட எடமில்லாம எப்படிலே ஏறுன?" என்று அவன் கேட்டான். "கூனுக்கு மேல வலப்பக்கம் ஒரு வெடிப்பு இருக்குவே, விரல் போகும்" என்றேன். அந்த வெடிப்பு அப்படித்தான் உண்டாயிற்று. பூதலிங்கம் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். மில் முழுக்கச் சொன்னான். இப்போது அவன் இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு பெயர் தானாக வளர்ந்தது. பெங்களூரிலிருந்து வருவார்கள், புனாவிலிருந்து வருவார்கள். கூனின் அடிவரை போய், மேலே எட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் இறங்கி வந்து என் கையைக் குலுக்குவார்கள். துளை போடாமல், அந்தக் காலத்துக் கயிற்றை வைத்துக்கொண்டு எப்படி ஐயா என்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். ஒவ்வொருவரும் தோற்றுத் திரும்பும்போது வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருக்கும். நீங்கள் இன்றைக்கு என்னைத் தேடி வந்ததும் அந்தக் கூனனால்தானே.

அலி அஸ்கர் வந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் கெட்டது. மேலப்பாளையத்துப் பையன். பேப்பரில் படம் வந்ததே, பார்த்திருப்பீர்கள். கல்ஃபில் பெரிய பெரிய கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி மாட்டுகிற வேலை. ஊருக்கு வந்து, கல்யாணம் முடித்து, இங்கேயே பிள்ளைகளுக்குப் பாறை ஏறச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று நின்றான். கெட்டிக்காரன். என்னைவிடக் கெட்டிக்காரன் என்பது அவன் ஏறுவதை முதல்முறை பார்த்தபோதே தெரிந்துவிட்டது. ஆனால் என்னைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவான். எனக்கு அது பிடித்திருந்தது. அவனையும் பிடித்திருந்தது, நம்புங்கள்.

போன தை மாதம் ஒரு பையோடு வந்தான். உள்ளே பேட்டரியில் ஓடுகிற ட்ரில்லிங் மெஷின்.

"அண்ணாச்சி, கோவப்படாதீங்க. கூன்ல மட்டும் கயிறு மாட்ட ரெண்டு போல்ட் அடிச்சிருவோம். நாளைக்குப் புள்ளைங்க ஏறும்போது தவறினா உசுருல்லா போயிரும்."

"ஏலே, அத மொதல்ல மூடி வை" என்றேன். "நான் துளை போட்டா ஏறுனேன்?"

அவன் தலையைச் சொறிந்தான். "நீங்க வேற அண்ணாச்சி. எல்லாரும் உங்கள மாதிரி ஆவ முடியுமா? சரி, ஒண்ணு சொல்லுங்க. மேல வெடிப்பு நெசமாவே நல்லா இருக்கா? நட்டு உக்காருமா?"

அவன் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால்கூட எனக்குக் கோபம் வந்து, எதையாவது சொல்லி வெளியே அனுப்பியிருப்பேன். வைத்தியரிடம் மருந்து கேட்கிறமாதிரிக் கேட்டான். "இருக்கு. வலப்பக்கம். சிக்குனு உக்காரும்" என்றேன்.

"அப்ப இந்த மெஷினுக்கு வேலையே இல்ல. நானே ஏறிப் பாத்துருதேன். நீங்க கயிறு பிடிப்பீங்களா அண்ணாச்சி? உங்க கையில கயிறு இருந்தா எனக்குப் பயமே இல்ல."

பிடிக்கிறேன் என்றேன். கடைசி நேரத்தில் வெயில், மலைத்தேனீ என்று ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்திவிடலாம் என்று நினைத்திருந்தேன். உண்மையாகத்தான் சொல்கிறேன். ஆனால் பாறைக்குப் போன அன்றைக்கு வெயிலும் இல்லை, தேனீயும் இல்லை. ட்ரில்லைப் பையோடு என் காலடியில் வைத்துவிட்டுப் பிஸ்மில்லா சொல்லி ஏறத் தொடங்கினான்.

என்ன அழகாக ஏறினான் தெரியுமா? கூனின் அடியில் நல்ல நட்டு ஒன்றைச் செருகி, இழுத்துப் பார்த்துக்கொண்டான். பிறகு ஒரு மூச்சில் கூனைத் தாண்டினான். நானும் பூதலிங்கமும் வருஷக்கணக்கில் முட்டி மோதிய இடம். அதற்கப்புறம் கீழே இருந்த எனக்கு அவன் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"அண்ணாச்சி, வெடிப்பக் காணலியே. எங்கன இருக்கு?"

நான் கயிற்றைக் கையில் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

"அண்ணாச்சி, கால் இன்னும் விளிம்புலதான் இருக்கு. எறங்கிரட்டுமா?"

இறங்கியிருக்கலாம். கயிற்றை நான் மெல்ல உள்ளே இழுத்துக் கொடுத்திருந்தால், அவன் வந்த வழியே அந்த நட்டுக்குத் திரும்பியிருப்பான். ஆனால் இறங்கி வந்தால் அவன் வாயில் என்ன வரும்? வெடிப்பே இல்லையே அண்ணாச்சி என்பான். சரி, எப்படியோ ஏறிப் போய்விட்டான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அதையேதான் சொல்வான். இரண்டில் எது நடந்தாலும் என் குட்டு உடைந்துவிடும். இதையெல்லாம் நான் நின்று நிதானமாக யோசித்தேன். பயந்துபோய் உளறினேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது.

"இன்னும் வலப்பக்கம் போ" என்று சத்தம் கொடுத்தேன். "ஒரு ஆள் நீளம் போனா கை வைக்கலாம்."

"சரி அண்ணாச்சி" என்றான்.

வலப்பக்கம் ஓர் அடி போனால் நட்டிலிருந்து ஓர் அடி விலகுகிறான் என்று அர்த்தம். தவறினால் நேராக விழ மாட்டான். ஊஞ்சல்போல வீசிக்கொண்டு வந்து, கூனுக்குக் கீழே துருத்தியிருக்கிற முனையில் மோதுவான். கயிறு பிடிக்கிற எவனுக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாமல் இருக்குமா? அவன் கேட்கக் கேட்கக் கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணாச்சி, இங்கனயும் இல்லியே" என்றது குரல். அது கோபமாக இல்லை. தான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்பதுபோல் இருந்தது.

விழுந்தான். நான் கயிற்றை விடவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கயிறு அறவில்லை, நட்டு பிடுங்கிக்கொண்டு வரவில்லை, என் பிடியும் தளரவில்லை. எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. முனையில் மோதி விலா நொறுங்கியிருந்தது. பதமாக இறக்கி மடியில் கிடத்தினேன். வண்டி வருமுன் உயிர் போய்விட்டது.

போலீஸ் கேட்டது, பேப்பர்காரர்கள் கேட்டார்கள். "இறங்கி வான்னு சொன்னேன், கேக்கல. கல்ஃப்ல பெல்ட்டையும் கொக்கியையும் நம்பிப் பழகின பையன், அவசரப்பட்டுட்டான்" என்று நாக்கூசாமல் சொன்னேன். என்னைவிடத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள், எல்லாரும் நம்பினார்கள். அவன் மனைவி ஸமீஹாவும் நம்பினாள். "அண்ணாச்சி பேச்சு கேட்டு நடங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்று அவள் உள்ளறையில் அழுதது வாசல்வரை கேட்டது. வயிற்றில் ஏழு மாதம்.

அதற்குப் பிறகு நான் பாறையைத் தொடவில்லை. சோறு இறங்குவதில்லை. என் மனைவி பிரம்மநாயகி சுகராக இருக்கும் என்று டாக்டரிடம் கூட்டிப்போனாள். "சரி அண்ணாச்சி" என்று அவன் சொன்னது காதுக்குள்ளேயே கிடக்கிறது. செத்தவனைப்பற்றி அப்படிப் பேசினேனே என்று மனசு கிடந்து அரிக்கிறது. இப்போது நீங்கள் வந்து, வெடிப்பு எந்தப் பக்கம் என்கிறீர்கள். எந்தப் பக்கமும் இல்லை. அச்சில் போட்டுவிடாதீர்கள். படித்துவிட்டு இன்னொருவன் ஏறுவான். அலி அஸ்கரைக் கொன்றது நான்தான் என்று வேண்டுமானால் போடுங்கள். ஸமீஹா காதுக்கு அது போய்ச் சேர வேண்டும்.

ஒன்றுதான் பாக்கி. அடக்கத்தன்று பள்ளிவாசல் முற்றத்தில் ஓர் ஓரமாக நின்றிருந்தேன். தொழுகைக்கு முன்னால் இறந்தவருக்காக வீட்டார் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவர்களுக்கு உண்டு. அவன் அண்ணன் அலி அக்பர் எழுந்து, "எந்தம்பியால யாருக்காச்சும் மனசு நொந்திருந்தா அல்லாவுக்காகப் பொறுத்துக்கிடுங்க" என்றான். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, உங்க பேச்ச மீறிட்டான். உங்க மனச நோவடிச்சிட்டான். பொறுத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அப்பதான் கபர்ல நிம்மதியாக் கெடப்பான்."

"பொறுத்துக்கிட்டேன்" என்றேன். அதை மட்டும் நான் பொய்யாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.